சுர்ருன்னுச்சா? சும்மா விடாதீங்க பாஸ்!

போன வாரம் ஹாஸ்டல் சாம்பாரில் பருப்பைத் தேடிய கதையை எழுதியிருந்தேன். ‘ஏம்ப்பா, உன் பேனாவுக்கு வேற வேலையே இல்லையா?’ன்னு நாலு பேர் கேட்டுட்டாங்க. இருக்கு ஃப்ரெண்ட்ஸ். இந்த வாரம் சிரிப்பு கொஞ்சம் கம்மி, கரண்ட் கொஞ்சம் ஜாஸ்தி. கடைசி வரைக்கும் படிச்சுடுங்க, ப்ளீஸ்.

நான் ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம். சொந்த ஊர் ராமநாதபுரம். எங்க ஊர்ல ட்ரிபிள் ஈ படிக்கிற பையன்னா, சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வர்றதுக்கு முன்னாடியே, ‘தம்பி, சீரியல் செட் மாட்ட வந்துடு’ன்னு போன் வந்துடும். மிக்ஸி ஓடலைன்னா கூப்பிடுவாங்க. போய் முழிச்சா, ‘இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறாங்க?’ன்னு பெரியம்மா கேட்பாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லாமத்தான் இருந்துச்சு. போன ஜூன் மாசம் வரைக்கும்.

கோடை லீவுல ஐ.பி.டி. போகணும்ல? க்ளாஸ்ல பாதிப் பேர் சென்னை, பெங்களூருன்னு கிளம்பிட்டாங்க. எனக்குக் கிடைச்சது ராமேஸ்வரம் பக்கம் ஒரு ஐஸ் ஃபேக்டரி. பேர் வேண்டாமே. ‘ட்ரிபிள் ஈ படிச்சிட்டு ஐஸ் விக்கப் போறியாடா?’ன்னு வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டித் தள்ளிட்டானுங்க.

உள்ளே போய்ப் பார்த்தாத்தான் தெரியுது, அது ஒரு முழு மெஷின் லேப். கம்ப்ரசரை ஓட்டுற பெரிய மோட்டார், உப்புத் தண்ணியைச் சுத்த விடுற பம்ப், ஐஸ் கேனைத் தூக்குற கிரேன், பாரை உடைச்சுத் தூளாக்குற கிரஷர். எல்லாமே த்ரீ ஃபேஸ். தரை முழுக்கத் தண்ணி. அதுவும் சாதாத் தண்ணி இல்லை. ஐஸ் கேன்களை முக்கி வைக்கிற தொட்டியில் இருக்கிறது உப்புக் கரைசல். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் உறையாம இருக்கணும் என்பதற்காக உப்பு. கேனைத் தூக்கும்போது அது வழியும். அந்தத் தண்ணியிலதான் எல்லாரும் நடப்பாங்க, லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

எங்க கடற்கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகுகளைக் கரையேத்தி வெல்டிங், பெயின்ட்டிங்னு வேலை நடக்கும். படகு போகலைன்னா ஐஸ் யாருக்கு? பல ஐஸ் ஃபேக்டரிகளும் அப்போ தூங்கும். ஆனா தடை முடியுற அன்னிக்கு எல்லாப் படகும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். ஒரு பார் உறையவே ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். அதனால ஜூன் முதல் வாரத்திலேயே மெஷினை எல்லாம் எழுப்பி விடுவாங்க. நான் போய்ச் சேர்ந்தது சரியா அந்த நேரம்.

‘அது எப்பவும் அப்படித்தான் தம்பி!’

ரெண்டாவது நாள். கிரஷர் பக்கத்தில் நின்னு, ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைஞ்சிட்டிருந்தேன். சாய்ஞ்சுக்கலாம்னு அதோட இரும்பு வாய் மேல கை வெச்சேன். ‘சுர்ர்..!’

கையை வெடுக்னு எடுத்தேன். கிரஷர் ஓட்டுற அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சார். ‘அது எப்பவும் அப்படித்தான் தம்பி. புது ஆளைப் பார்த்தா கிச்சுகிச்சு மூட்டும். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க, ஒண்ணும் பண்ணாது!’

நானும் சிரிச்சேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கிறேன். ஏன்னா நான் ட்ரிபிள் ஈ ஸ்டூடன்ட். ஓடுற மெஷினோட உடம்பில் கரண்ட் இருக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். மோட்டாருக்குள்ளே காப்பு எங்கேயோ போயிருக்கு. எர்த் கம்பியும் தன் வேலையைச் செய்யலை. அந்த செமஸ்டர்லதான் இதையே பரீட்சையில் பதிமூணு மார்க்குக்கு எழுதி, பதினொண்ணு வாங்கியிருந்தேன். ஆனா ஓனர்கிட்ட போய்ச் சொல்லலை. வந்து ரெண்டு நாளான பொடியன், நான் போய் என்ன சொல்றது? சொன்னா சர்ட்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடுவாரா? அந்த அண்ணனே பயப்படலை, நமக்கேன் வம்பு? இப்படி ஏழெட்டுக் காரணம் வரிசையா வந்து நின்னுச்சு. படத்தை வரைஞ்சு முடிச்சிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

நாலாவது நாள் சாயங்காலம். தரையில் கணுக்கால் நனையுற அளவுக்குத் தண்ணி. அண்ணனோட செருப்பு வார் அறுந்து, அதைக் கழட்டி ஓரமா வெச்சிருந்தார். கிரஷர் வாயில் ஒரு கட்டி சிக்கிடுச்சு. இடது கையால் இரும்பைப் பிடிச்சுக்கிட்டு வலது கையால் கட்டையை வெச்சுத் தள்ளினார்.

சினிமாவுல கரண்ட் அடிச்சா எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் உதறும், பல்பு மாதிரி மின்னும், ‘ஆ’ன்னு கத்துவாங்க. நிஜத்தில் அப்படி இல்லைங்க. அண்ணன் கத்தவே இல்லை. எதையோ யோசிக்கிற மாதிரி அப்படியே நின்னார். நான் பத்தடி தூரத்தில் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன், என்ன நடக்குதுன்னே புரியலை. பக்கத்தில் இருந்த ஒருத்தர் அவரைப் பிடிச்சு இழுக்க ஓடினார். அப்போ அங்கே வேலை பார்க்கிற வயசான ஐயா ஒருத்தர், ‘தொடாதேடா!’ன்னு ஒரு அதட்டல் போட்டுட்டு, ஓடிப்போய் மெயினை இறக்கினார். அண்ணன் சரிஞ்சு விழுந்தார்.

உயிர் தப்பிச்சுட்டார். உள்ளங்கையில் தீக்காயம், ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஐயா ரெண்டாம் க்ளாஸோட ஸ்கூலை விட்டவர். கரண்ட்டில் சிக்கினவரைத் தொடக்கூடாது, முதல்ல மெயினை நிறுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. மாடு மாதிரி ரெண்டு வருஷம் சர்க்யூட் தியரி படிச்ச எனக்குக் கால் நகரலை.

மறுநாள் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். மூணு விஷயம் சொன்னார். ஒண்ணு, ரெண்டு மாசம் கடல் காத்துல சும்மா கிடந்த மோட்டார் ஈரத்தைக் குடிச்சிருக்கு. மெக்கர் வெச்சா முள் எழும்பவே இல்லை. ரெண்டு, எர்த் கம்பி மெஷினோட சேருற இடத்தில் துரு தின்னு, மேல அடிச்ச பெயின்ட் மட்டும்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு. மூணு, அடிக்கடி போகுதுன்னு ஃபியூஸ்ல யாரோ தடிமனான கம்பியைப் போட்டு வெச்சிருக்காங்க. மூணு காவல்காரன், மூணு பேருமே தூங்கிட்டாங்க.

ஓடாம கிடந்த மோட்டாரைத் திரும்ப ஓட்டுறதுக்கு முன்னாடி மெக்கர் வெச்சுப் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும். மெஷின் லேப்ல முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது.

உப்புப் போட்டுத் தின்னா..

வாங்க, கொஞ்சம் கணக்குப் போடுவோம். பயப்படாதீங்க, ஓம் விதி மட்டும்தான். பத்தாவதுல படிச்சது.

காய்ஞ்ச தோலோட மின்தடை லட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். 230 வோல்ட்டை லட்சத்தால் வகுத்தா 2.3 மில்லி ஆம்பியர். ‘சுர்’. அவ்வளவுதான். அதே தோல் உப்புத் தண்ணியில் ஊறினா தடை ஆயிரம் ஓம் பக்கத்தில் இறங்கிடும். இப்போ வகுத்துப் பாருங்க. 230 மில்லி ஆம்பியர். அதே மெஷின், அதே கரண்ட், அதே ஆள். முந்தா நாள் கிச்சுகிச்சு, இன்னிக்கு எமன். மாறினது ஒரு ஜோடி செருப்பும் கொஞ்சம் உப்பும்தான்.

எவ்வளவு கரண்ட் போனா என்ன ஆகும்? 1 மில்லி ஆம்பியர் உடம்புக்குத் தெரியும். 10-லிருந்து 16-க்குள்ளே கைத் தசை இறுகி, விடணும்னு நினைச்சாலும் விட முடியாது. 30-ஐத் தாண்டினா மூச்சு விடுறதே சிரமம். 100 பக்கத்தில் போனா இதயம் துடிப்பை விட்டுட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிச்சிடும். ரத்தம் ஓடாது.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு தேடினா ஆச்சரியம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல். 134 ஆண்கள், 28 பெண்கள் கையில் கம்பியைக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா கரண்ட்டை ஏத்தி, எந்த அளவுல கையை விட முடியாமப் போகுதுன்னு அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16, பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். ‘இன்டர்னலுக்கு அஞ்சு மார்க் தர்றேன்’னு சொன்னாக்கூட நான் போயிருக்க மாட்டேன்!

அண்ணன் ஏன் கையை எடுக்கலைன்னு இப்போ புரியுதா? எடுக்கலை இல்லை, எடுக்க முடியலை. ஏன் கத்தலைன்னும் புரியும். நெஞ்சுத் தசையும் இறுகினா சத்தம் எங்கேயிருந்து வரும்?

சரி, எம்.சி.பி. எதுக்கு இருக்கு? அது டிரிப் ஆகாதான்னு கேட்பீங்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேலே போனாத்தான் கவலைப்படும். ஆளைக் கொல்ல அதில் நூறில் ஒரு பங்கு போதும். எம்.சி.பி. காப்பாத்துறது வயரை. மனுஷனைக் காப்பாத்த வேற ஒண்ணு வேணும். அதுதான் ஆர்.சி.சி.பி. ஃபேஸ்ல போன கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வந்த கரண்ட்டும் சமமான்னு அது பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கணக்கு இடிச்சா, ‘எங்கேயோ கசியுது, அது ஒரு மனுஷன் வழியாவும் இருக்கலாம்’னு நொடியில் ஒரு சின்னப் பங்குக்குள்ளே கட் பண்ணிடும். இந்த யோசனையை 1961-ல் கருவியா செஞ்சதும் அதே டால்ஸீல்தான். அளந்ததோட நிறுத்தாம, மருந்தும் கண்டுபிடிச்சிட்டுத்தான் தூங்கியிருக்கார்.

இந்தியாவில் கரண்ட் அடிச்சு வருஷத்துக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல சாகுறாங்க. வீடு, வயல், வேலையிடம் எல்லாம் சேர்த்து. இன்னொரு வேடிக்கை கேளுங்க. எர்த் குழி தோண்டும்போது உப்பும் கரியும் போடுவாங்க, மண்ணு நல்லாக் கரண்ட்டைக் கடத்தணும்னு. அதே உப்பு காத்துல வந்தா எர்த் கம்பியையே தின்னுடும். மண்ணுக்குள்ளே நண்பன், மண்ணுக்கு மேலே வில்லன்!

கம்பத்து மேலே இருக்கிறது யாரு?

இந்த உப்பு ஐஸ் ஃபேக்டரியோட நிக்கலை. பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் மின்கம்பங்களைக் கவனிச்சிருக்கீங்களா? கடல் காத்துல வர்ற உப்பு, பீங்கான் இன்சுலேட்டர் மேல வெள்ளையாப் படியும். வெயில்ல காய்ஞ்சு கிடந்தா ஆபத்தில்லை. விடியக்காலையில் பனி விழுந்து நனைஞ்சா, அந்த உப்புப் படலமே கம்பி மாதிரி ஆகி, ‘பட்’னு வெடிக்கும். ஊரே இருட்டாகும். நல்ல மழை வந்தா கழுவிவிட்டுடும். எங்க மாவட்டத்துக்கும் மழைக்கும்தான் உங்களுக்கே தெரியுமே! அதனால மனுஷன் ஏறித் துடைக்கணும்.

நமக்குத் தெரிஞ்சதெல்லாம், ‘கரண்ட் எப்போ வரும்?’ என்ற ஒரே கேள்விதான். கம்பத்தில் ஏறுறவருக்கு முன்னாடி என்னென்ன நடக்கணும்னு தெரியுமா? முதல்ல துணை மின்நிலையத்தில் எல்.சி. வாங்கணும். அதாவது லைன் கிளியர். இந்த லைன்ல இன்னார் வேலை செய்றார், அவர் திருப்பிக் கொடுக்கிற வரைக்கும் ஏத்தக் கூடாது என்கிற கணக்கு. அப்புறம் ஏ.பி. சுவிட்சைத் திறந்து பூட்டணும். லைன்ல கரண்ட் இல்லைன்னு கருவி வெச்சு உறுதி பண்ணணும். அதுக்கப்புறமும் நம்பாம, வேலை செய்யுற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டணும். பெல்ட், ஹெல்மெட், கையுறை. அதுக்குப் பிறகுதான் ஏறணும்.

‘அதான் ஆஃப் பண்ணியாச்சே, எர்த் ராடு எதுக்கு?’ன்னு கேட்டா, பதில் நம்ம வீட்டுலதான் இருக்கு. புயல் வருது. கரண்ட் இல்லை. நீங்க ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாம அப்படியே வீட்டு பிளக்ல சொருகுறீங்க. உங்க ஜெனரேட்டரோட 230 வோல்ட் மீட்டர் வழியாத் தெருக் கம்பிக்குப் போகும். தெரு முனை டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை நமக்காகக் குறைச்சுக் கொடுக்கிற மெஷின். திருப்பி விட்டா, அது நம்ம வோல்ட்டை 11,000-ஆ ஏத்தியும் கொடுக்கும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, எல்.சி. வாங்கிட்டு நிம்மதியாக் கம்பத்தில் இருக்கிற அண்ணனுக்கு, நம்ம வீட்டு டி.வி. சீரியல்தான் எமன். அந்த எர்த் ராடு மட்டும்தான் அவரைக் காப்பாத்தும்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தப்போ டெல்டா மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேல கம்பங்கள் சாய்ஞ்சது ஞாபகம் இருக்கா? தமிழ்நாடு முழுக்க இருந்தும், கேரளாவில் இருந்தும்கூட மின் ஊழியர்கள் வந்து இடுப்பளவு தண்ணியில் நின்னு கம்பம் நட்டாங்க. பழக்கமில்லாத ஊர், தெரியாத லைன், தூக்கம் இல்லாத ராத்திரி. ஊரே இருட்டில் இருந்தப்போ, நூத்துக்கணக்கான வீட்டு வாசல்ல ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்போ நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது.

ஆஃப் பண்ண முடியாத கரண்ட்!

ராமநாதபுரம்னாலே ‘தண்ணியில்லாக் காடு’ன்னு கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு தகவல். எங்க கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சோலார் மின்நிலையம், ஒரே இடத்தில் அமைஞ்சதில் அப்போ உலகத்திலேயே பெருசு. 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பேனல். சுமார் 8,500 பேர் சேர்ந்து எட்டே மாசத்தில் கட்டினாங்க. வெயிலைத் திட்டிக்கிட்டே இருந்த ஊருக்கு அந்த வெயிலே வேலை கொடுத்துச்சு.

அங்கே மாதிரி சோலார் வயல்களில் வேலை பார்க்கப் போறவங்க நம்மள்ல நிறையப் பேர். அதனால இதைக் கேட்டுக்குங்க. ஐஸ் ஃபேக்டரியில் மெயினை இறக்கினா கரண்ட் போயிடும். சோலார்ல? பேனலுக்கு சுவிட்ச் சூரியன். பகல்ல ஆஃப் பண்ண முடியாது. பேனல்களை வரிசையாக் கோத்தா ஆயிரம் வோல்ட் வரைகூட டி.சி. நிக்கும். இன்னொரு சிக்கல், ஏ.சி. கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுட்டுப் போகும். அதனால தீப்பொறி வந்தாலும் அணையுறதுக்கு வாய்ப்பு இருக்கு. டி.சி. பூஜ்யத்துக்கே வராது. லோடு ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினா வர்ற பொறி, வெல்டிங் மாதிரி நின்னு எரியும். முதல்ல இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டரைத் திறந்து, கிளாம்ப் மீட்டர் வெச்சு ஓட்டம் பூஜ்யம்னு பார்த்துட்டுத்தான் கனெக்டர்ல கை வைக்கணும். ‘சோலார்தானே, பேட்டரி மாதிரி’ன்னு நினைச்சா தொலைஞ்சோம்.

அதே மாதிரி வாலிநோக்கம், மாரியூர்ப் பக்கம் உப்பளங்கள். 1974-ல் ஆரம்பிச்ச அரசோட தமிழ்நாடு உப்பு நிறுவனமும் அங்கேதான் இருக்கு. உப்பளம்னா வெறுங்காலோட உப்பு நீரில் நாள் பூரா நிக்கிற வேலை. நாம மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்குல்ல? ஆயிரம் ஓம். அப்படி ஒரு இடத்தில் தண்ணி இறைக்கிற மோட்டாரோட வயர் எங்கேயாவது தோல் உரிஞ்சு கிடந்தா, அங்கே ‘சுர்’ என்கிற எச்சரிக்கைகூட வராது. முதல் தடவையே கடைசித் தடவை.

நெஞ்சை அமுக்கச் சொன்ன ட்ரிபிள் ஈ வாத்தியார்

இந்தச் சம்பவத்துக்கு அப்புறம் தேடித் தேடிப் படிச்சதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். சி.பி.ஆர். தெரியுமில்ல, மூச்சு நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்குறது? அதை உலகத்துக்குச் சொன்ன முக்கியமான ஆள் டாக்டர்னு நினைச்சீங்களா? இல்லை. வில்லியம் கோவென்ஹோவன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர். நம்ம ஆளு!

அந்தக் காலத்தில் அங்கே லைன்மேன்கள் கரண்ட் அடிச்சு இறந்துக்கிட்டே இருந்தாங்க. இதயத்தைக் கரண்ட் என்ன பண்ணுது, அதைத் திரும்ப ஓட வைக்க முடியுமா என்கிற கேள்விக்கு மின் நிறுவனங்கள் ஆராய்ச்சிப் பணம் கொடுத்தாங்க. கோவென்ஹோவன் வருஷக்கணக்கா உட்கார்ந்தார். ஷாக் கொடுக்கிற கனமான தகட்டை நாயோட நெஞ்சில் வெச்சு அழுத்தும்போதே ரத்த அழுத்தம் ஏறுறதை, அவரோட வேலை பார்த்த நிக்கர்பாக்கர் என்கிற இளைஞர் கவனிச்சார். ‘அப்போ கையாலேயே அமுக்கினா?’ அங்கேயிருந்து வந்ததுதான் சி.பி.ஆர். டாக்டர் ஜூட்டும் சேர்ந்து மூணு பேரா 1960-ல் கட்டுரை வெளியிட்டாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க மாரடைப்பு வந்து பிழைக்கிறவங்க பல பேர், அன்னிக்குக் கம்பத்தில் இருந்து விழுந்த லைன்மேன்களுக்குக் கடன்பட்டவங்க.

அதனால இதை மனப்பாடம் பண்ணிக்குங்க. யாருக்காவது கரண்ட் அடிச்சா, முதல்ல தொடாதீங்க. மெயினை இறக்குங்க. முடியலைன்னா காய்ஞ்ச மரக்கட்டையால், காய்ஞ்ச இடத்தில் நின்னு, வயரையோ ஆளையோ தள்ளி விடுங்க. உயர் அழுத்தக் கம்பின்னா கட்டையும் உதவாது. தள்ளி நின்னு மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தணும். மின்னகம் நம்பர் 94987 94987. கரண்ட் போனது உறுதியான பிறகு 108. மூச்சு இல்லைன்னா நடு நெஞ்சில் ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, அஞ்சு சென்டிமீட்டர் இறங்குற மாதிரி, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அமுக்குங்க. ஆள் எழுந்து உட்கார்ந்து, ‘எனக்கு ஒண்ணுமில்லப்பா’ன்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் ஈ.சி.ஜி. எடுத்துடுங்க.

வாயைத் திறக்க சட்டம் இருக்கு

‘சொன்னா வேலை போயிடும்’. நான் பேசின எல்லா அண்ணன்களும் சொன்னது இதுதான். அந்தப் பயம் பொய்யில்லை. தினக்கூலிக்குப் போறவர் கேள்வி கேட்டா, மறுநாள் வேற ஆள் நிக்கும். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னாவது தெரிஞ்சுக்கணும்ல?

2020-ல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கு. வேலையிடத்தில் உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்துன்னு ஒரு தொழிலாளி நியாயமாப் பயந்தா, அதை முதலாளிகிட்ட சொல்லலாம். ஆய்வாளர் பார்வைக்கும் கொண்டு போகலாம். முதலாளி உடனே சரி செய்ய நடவடிக்கை எடுக்கணும். 2003 மின்சாரச் சட்டத்தின்படி மின் விபத்துக்குத் தகவல் கொடுத்தே ஆகணும், விசாரணை உண்டு. தமிழ்நாட்டில் மின் ஆய்வுத் துறைன்னு ஒரு துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம்னு இன்னொண்ணு இருக்கு.

காகிதத்தில் இருக்கிறது கடைசி ஆள் வரைக்கும் போறதில்லை. கொண்டு போறதுக்கு இடையில் ஒருத்தர் வேணும். கூலிக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இல்லாத, விஷயம் தெரிஞ்ச ஒருத்தர். ஐ.பி.டி.க்குப் போற நம்மளைவிட அதுக்குப் பொருத்தமான ஆள் யாரு பாஸ்? நமக்குப் போறது அதிகபட்சம் ஒரு சர்ட்டிஃபிகேட்.

நீங்க எந்த டிபார்ட்மென்ட்டா வேணா இருங்க. போற இடத்தில் நாலு கேள்வி கேளுங்க. மெயின் சுவிட்ச் எங்கே இருக்கு? எல்லா மெஷினுக்கும் எர்த் இருக்கா, கடைசியா எப்போ அளந்தாங்க? ஆர்.சி.சி.பி. இருக்கா, அதில் இருக்கிற ‘டெஸ்ட்’ பட்டனை யாராவது அமுக்கிப் பார்க்கிறாங்களா? ரிப்பேர் பார்க்கும்போது சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை பார்க்கிறவரே பையில் போட்டுக்கிறாரா? இந்த நாலுக்கும் தலையைச் சொறிஞ்சாங்கன்னா, உங்க புராஜெக்ட் தலைப்பு ரெடி.

மறுபடியும் கிரஷர்

ரெண்டு வாரம் கழிச்சு அண்ணன் வேலைக்குத் திரும்பினார். என் ஐ.பி.டி. முடியுற நாள் அது. உள்ளங்கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் சிரிச்சுக்கிட்டே, ‘என்ன தம்பி, நோட்டெல்லாம் எழுதி முடிச்சாச்சா?’ன்னு கேட்டார்.

அப்போதான் சொன்னேன். ‘அண்ணே, அன்னிக்கே எனக்குத் தெரியும்ணே. அது ஆபத்துன்னு தெரியும். நான் சொல்லலை.’

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், ‘நீங்க சொல்லியிருந்தாலும் நான் சிரிச்சிருப்பேன் தம்பி’ன்னார். ‘ஆனா நாலு தடவை சொல்லியிருந்தா, ஓனராவது கேட்டிருப்பார்.’

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. இன்னிக்கும் மனசுக்குள்ளே ஓடிக்கிட்டே இருக்கு அந்த ரெண்டாவது வாக்கியம்.

அன்னிக்குச் சாயங்காலம் எலெக்ட்ரீஷியன் சொன்னதை எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி, மெஷின் மெஷினாப் பட்டியல் போட்டு ஓனர்கிட்ட கொடுத்தேன். கை நடுங்குச்சு. அவர் படிச்சார். முறைப்பார்னு நினைச்சேன். ‘இதை வந்த அன்னிக்கே கொடுத்திருக்கலாம்ல?’ன்னுதான் கேட்டார். இப்போ அங்கே கிரஷருக்கும் பம்ப்புக்கும் தனித்தனியா லீக்கேஜ் பிரேக்கர் இருக்கு. தடைக்காலம் முடியும்போது மெக்கர் பார்க்காம மோட்டார் ஏறக் கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்க. அண்ணன் போன்ல சொன்னார், ‘மாசம் ஒண்ணாம் தேதி டெஸ்ட் பட்டனை நான்தான் அமுக்குவேன் தம்பி. டொப்புன்னு விழும். கேட்கவே நல்லாருக்கும்!’

எல்லா இடத்திலும் இப்படி முடியாதுன்னு எனக்கும் தெரியும். கேட்காத ஓனரும் உண்டு. ஆனா ‘கேட்க மாட்டாங்க’ன்னு சொல்றதுக்கு முன்னாடி, நாம ஒரு தடவையாவது சொல்லியிருக்கணும்ல?

சரி, இப்போ உங்க பக்கம் வருவோம். ஹாஸ்டல் பாத்ரூம்ல பக்கெட்டுக்குள்ளே ஹீட்டர் ராடு போட்டுட்டு, சூடாச்சான்னு விரல் விட்டுப் பார்க்கிற மகான்களே! லேப்ல ‘அந்த டேபிளைத் தொடாதே, சுர்ருங்கும்’னு ஜூனியர்களுக்குப் பாரம்பரியமாச் சொல்லிக் கொடுக்கிற சீனியர்களே! கல்ச்சுரல்ஸுக்குச் சீரியல் செட் கட்ட அலுமினிய ஏணியோட கரண்ட் கம்பி அடியில் அலையுற ஆர்கனைசர்களே! உங்க காலேஜ்ல சுர்ருங்கிற இடம் எதுன்னு உங்களுக்கே தெரியும். திங்கட்கிழமை போய் எழுதிக் கொடுங்க. கொடுத்த பிறகு என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஒரு வரி எழுதுங்க. சரி பண்ணிட்டாங்கன்னா அந்தக் காலேஜுக்கு இங்கே ஒரு ஓ போடுவோம்.

பெரியம்மா மறுபடியும், ‘இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டுறாங்க?’ன்னு கேட்டா, இப்போ என்கிட்ட ஒரு பதில் இருக்கு. போன வாரம் அவங்க வீட்டு வாஷிங் மெஷின் எர்த்தைச் சரி பண்ணிட்டு வந்தேன். மிக்ஸி மட்டும் இன்னும் ஓடலை!

அடுத்த வாரம் பார்க்கலாம், செருப்பு போட்டுக்கிட்டு!